பாங்காக்கில் மூன்று நாள்: எந்தப் பகுதியில் தங்கினால் ஊர் கைக்கு எட்டும்?

பாங்காக் போவதாக வெளியே சொன்னால் போதும், ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். அரண்மனை, படுத்திருக்கும் புத்தர், மிதக்கும் சந்தை, சஃபாரி, ஆற்றில் படகு விருந்து, பிரதூநாமில் துணி. எல்லாம் போகத் தகுந்த இடங்கள்தான். ஆனால் கையில் இருப்பது மூன்று நாள் என்றால், பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் முடிவு செய்ய வேண்டியது இரவு எங்கே தங்குவது என்பதை. அந்த ஊரில் ஒரு நாளில் நமக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதைத் தங்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. வாடகையையும் நட்சத்திரத்தையும் பார்த்து அறை போட்டுவிட்டு, அங்கிருந்து எப்படிப் போவது என்று பிறகு யோசித்தால், நாளின் பாதி நெரிசலில் கரைந்துவிடும்.

காரணம் ஊரின் அமைப்பு. 1782இல் முதலாம் ராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை அமைத்தார். ஒரு பக்கம் ஆற்றின் வளைவு, மறுபக்கம் வெட்டிய கால்வாய்கள். அரண்மனை, படுத்திருக்கும் புத்தர் உள்ள வாட் போ கோயில், தேசிய அருங்காட்சியகம், ராட்சத ஊஞ்சல் எல்லாம் அந்தச் சின்ன வட்டாரத்துக்குள் அடங்கிவிடும். பிற்காலத்து நகரம் அங்கிருந்து கிழக்கே விரிந்தது. மால்கள், அலுவலகங்கள், பெரும்பாலான ஹோட்டல்கள் சியாம், சிலோம், சுகும்வித் பக்கம் இருக்கின்றன. 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய பி.டி.எஸ். மேம்பால ரயில் இந்தப் புதிய நகரத்துக்காகப் போடப்பட்டது. பழைய நகரத்துக்குள் அது நுழையவில்லை. 2004இல் வந்த எம்.ஆர்.டி. சுரங்க ரயிலும் ஹுவா லம்போங் நிலையத்தோடு நின்றது. 2019இல்தான் அதன் நீலப் பாதை நீண்டு, சைனாடவுன் வழியாகச் சாம் யோட், சனாம் சாய் என்று பழைய நகரத்துக்குள் வந்து, ஆற்றுக்கு அடியில் அக்கரைக்குப் போனது.

இந்த ஒரு மாற்றம் பழைய யோசனைகளை எல்லாம் புரட்டிப் போட்டுவிட்டது. முன்பு கோயில்களைப் பார்க்க வேண்டும் என்றால் பழைய நகரத்திலேயே தங்கு என்பார்கள், சரிதான், வேறு வழியில்லை. இப்போது ரயிலில் போய் வாட் போ பக்கத்தில் இறங்கலாம். ஆனால் நம் ஊரில் சுற்றிவரும் அறிவுரைகளில் பல இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கின்றன.

பழைய நகரம்: காலை உங்களுடையது, மாலை இல்லை

காவ்சான் சாலை, பிரா ஆர்தித், தா தியென், ராட்சத ஊஞ்சல் சுற்றுவட்டம். இங்கே தங்குவதன் லாபம் விடியற்காலையில் தெரியும். அரண்மனை காலை 8:30க்குத் திறக்கிறது. சுற்றுலா பஸ்கள் வந்து இறங்குவதற்கு முன்பே வாசலில் நிற்கலாம். அதற்கும் முன்பாக ஆறு மணிக்கு எழுந்து நடந்தால் பாக் க்லோங் தலாட் பூச்சந்தைக்குப் போகலாம். இரவு பகலாக நடக்கும் சந்தை அது. சாமந்தி மூட்டைகளும் மல்லிகைச் சரங்களும் குவிந்து கிடக்கும். மாலை தொடுக்கும் பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்தாலே நமக்கு மனசு நிறையும்.

குறை மாலையில். ஆற்றில் ஓடும் ஆரஞ்சுக் கொடிப் படகுகள் பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடும். சனாம் சாய் நிலையத்துக்கு அருகில் அறை கிடைத்தால் கவலையில்லை. ஆனால் காவ்சான் பக்கம் தங்கினால் ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இல்லை. சியாம் பக்கம் போய்விட்டு இரவு திரும்ப வேண்டும் என்றால் டாக்ஸிதான், அந்த நேரத்தில் சாலை எப்படி இருக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். காவ்சானில் இரவு இசைச் சத்தமும் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தச் சாலையை விட்டு இரண்டு மூன்று தெரு தள்ளியாவது அறை பார்க்க வேண்டும். இரண்டே இரவு தங்கி, கோயில்களும் ஆறும் மட்டும் போதும், மால் வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே நல்ல இடம்.

பிரதூநாமும் சுகும்வித்தும்

தமிழ்நாட்டிலிருந்து குழுவாகப் போகிறவர்களைப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் தங்க வைக்கிறார்கள். பிரதூநாம் மொத்தத் துணி வியாபாரப் பகுதி. இந்திய உணவகங்கள் நிறைய. ஆனால் பி.டி.எஸ். நிலையம் பக்கத்தில் இல்லை. சித்லோம் நிலையத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும். இங்கே தங்க நேர்ந்தால் பலரும் கவனிக்காத ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸேன் ஸேப் கால்வாயில் ஓடும் படகு. பிரதூநாம் படகுத்துறையில் ஏறினால் சாலை நெரிசலுக்குக் கீழே, வீடுகளின் கொல்லைப்புறம் வழியாக ஓடி, பழைய நகரத்தின் விளிம்பில் பான்ஃபா துறையில் இறக்கிவிடும். தங்கமலைக் கோயிலான வாட் ஸாகேத் அங்கிருந்து கூப்பிடு தூரம். உள்ளூர் ஆட்கள் வேலைக்குப் போகிற படகு அது, வேகமாகப் போகும், கால்வாய்த் தண்ணீர் தெறிக்கும். ஏறி இறங்கும்போது வயதானவர்களுக்குச் சிரமம்.

சுகும்வித் இதைவிட வசதி. அசோக் சந்திப்பில் பி.டி.எஸ்ஸும் எம்.ஆர்.டி.யும் கூடுகின்றன. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வரும் ரயிலில் மக்காசானில் இறங்கி, எதிரே பெட்சபுரி எம்.ஆர்.டி.யில் ஏறினால் ஒரே நிலையத்தில் அசோக் சந்திப்பு. டெர்மினல் 21 மாலின் மேல்மாடி உணவுக்கூடத்தில் சாப்பாடு சாலையோரக் கடை விலைக்குக் கிடைக்கும். நானா பக்கம் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நானா பகுதியின் சில தெருக்கள் இரவில் முழுக்க மதுக்கூடங்கள்தான். குடும்பத்தோடு போகிறவர்கள் ஹோட்டலின் தெருவை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அசோக்குக்குக் கிழக்கே போகப் போக அமைதி கூடும், கோயில்களின் தூரமும் கூடும். அசோக்கிலிருந்து சனாம் சாய்க்கு ஒன்பது நிலையம். ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை, மூன்று நாளும் போய் வந்தால் அலுப்புத் தட்டும்.

பார்க்க வந்ததே கடைகளைத்தான் என்றால் சுகும்வித்தும் சியாமும் சரி. அதில் ஒன்றும் தவறில்லை. கல்லூரிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள்.

சிலோம்: என் தேர்வு

மூன்று நாளுக்கு எனக்குப் பிடித்தது சிலோம்–சாத்தோர்ன் பகுதி. அதிலும் சாலா தேங் நிலையத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள நீளம். ஏன் என்றால் மூன்று வழியும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிலோம் எம்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் சனாம் சாய் ஐந்தாவது நிலையம். சாலா தேங்கில் பி.டி.எஸ். ஏறினால் இரண்டாவது நிலையத்தில் சியாம். அதே ரயிலில் எதிர்த்திசையில் போனால் சபான் தாக்சின், அதன் காலடியிலேயே சாத்தோர்ன் படகுத்துறை. அதாவது பழைய நகரம், புதிய நகரம், ஆறு மூன்றுக்கும் வழியில் வண்டி மாறாமலே போகலாம். இந்த வசதி ஊரில் வேறு எங்கும் இவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை.

சிலோம் பகலில் அலுவலகப் பகுதி. காலையில் ஊழியர்களுக்காகத் தள்ளுவண்டிகள் வந்துவிடும், பழம், சுட்ட வாழைப்பழம், சோயாப் பால். தெருவின் ஒரு முனையில் லும்பினி பூங்கா. விடியலில் முதியவர்கள் கூட்டமாகத் தாய் சி செய்வார்கள், குளக்கரையில் ஆளுயரத்துக்கு உடும்புகள் நிதானமாக நடக்கும். அவை யாரையும் ஒன்றும் செய்வதில்லை, வழிவிட்டு நின்றால் போதும்.

இன்னொரு முனைப் பக்கம், பான் சாலையில், நம்மவர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பாங்காக்குக்கு வந்து குடியேறிய தமிழர்கள் 1879இல் எழுப்பியது. சிலைகள் பொம்மிய வண்ணக் கோபுரத்தைப் பார்த்ததும் நம் ஊர்த் தெருவுக்கு வந்த மாதிரி இருக்கும். உள்ளே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். கையில் தேங்காயும் சாமந்தி மாலையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அவ்வளவு ஊன்றி வேண்டிக்கொள்கிறார்கள். நவராத்திரி சமயத்தில் போக வாய்த்தால் விஜயதசமி இரவை விட்டுவிடாதீர்கள். சிலோம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு அம்மன் ஊர்வலம் வரும், சாலை நெடுகக் கடைக்காரர்கள் தங்கள் வாசலிலேயே மேடை போட்டுப் பூவும் பழமும் அடுக்கிக் காத்திருப்பார்கள்.

சிலோமிலும் இரவுச் சந்தை, மதுக்கூடங்கள் உள்ள சந்துகள் உண்டு. ஆனால் அவை பாட்போங் சுற்றிய சில தெருக்களோடு நின்றுவிடும். வாடகை பழைய நகரத்து விடுதிகளைவிடக் கூடுதல், ஆற்றங்கரை ஹோட்டல்களைவிடக் குறைவு.

ஆற்றங்கரை ஹோட்டலையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால், அதுதான் முதல் தேர்வு. பல ஆற்றங்கரை ஹோட்டல்கள் சாத்தோர்ன் துறைக்குத் தங்கள் படகை இலவசமாக ஓட்டுகின்றன. வெளியே போக முடியாத மதிய வெயிலில்கூட அறையிலிருந்தே ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். பெரியவர்களுக்கு அந்த ஓய்வே பெரிய விஷயம்.

சைனாடவுனையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வாட் மங்கோன் நிலையம் வந்த பிறகு அதுவும் வசதியான இடம்தான், இரவுச் சாப்பாட்டுக்கு அதை மிஞ்ச வேறு தெரு இல்லை. ஆனால் சைவக்காரர்களுக்கு அந்த வாடையோடு மூன்று இரவு கழிப்பது கடினம். ஒரு மாலை போய் வந்தால் போதும். போகிறபோது பக்கத்திலேயே வாட் திரைமித்தில் ஐந்தரை டன் பொன் புத்தரைப் பார்த்துவிடலாம், அதற்குப் பகலிலேயே போக வேண்டும். பல காலம் சுதைப்பூச்சுக்குள் மறைந்திருந்து, 1955இல் சிலையை இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து உள்ளிருந்த பொன் தெரிந்த கதை அது.

அரண்மனையா, வாட் போவா, வாட் அருணா?

மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் வழக்கம். ஆற்றின் அக்கரையில் உள்ள வாட் அருண் கோயிலும் சேர்த்து மூன்றும் அருகருகே இருப்பதால் தூரம் ஒரு தடையில்லை. தடை வேறு இரண்டு. ஒன்று பணம். வெளிநாட்டவருக்கு அரண்மனை 500 பாட், வாட் போ 300, வாட் அருண் 200. ஆளுக்கு ஆயிரம் பாட். நான்கு பேர் குடும்பத்துக்கு நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். மற்றது வெயில். அரண்மனை வளாகத்தில் நிழல் குறைவு, தரை முழுக்கக் கல், கூட்டமும் நெருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் எது? பலர் வாட் போவைச் சொல்வார்கள். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் பொன்னிறப் புத்தர், பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள், சுவரோரம் வரிசையாக 108 கிண்ணங்களில் மக்கள் காசு போடும் ஓசை. சன்னிதிக்கு வெளியே நிழலான முற்றங்கள் உண்டு, தாய் மசாஜுக்குப் பேர்போன பயிற்சிப் பள்ளியும் இங்கேதான், களைத்த காலுக்கு அங்கேயே மருந்து. நிதானமாக இருக்க ஏற்ற இடம்.

ஆனால் தமிழ் வாசகருக்கு நான் அரண்மனையைத்தான் சொல்வேன். அரண்மனை வளாகத்துக்குள் உள்ள கோயிலின் மரகத புத்தருக்காக மட்டும் இல்லை. அவர் 66 சென்டிமீட்டர் உயரம், உச்சத்தில் வீற்றிருக்கிறார், கூட்டத்தில் சரியாகப் பார்க்கவும் முடியாது. நான் சொல்வது அந்தக் கோயிலைச் சுற்றிய பிராகாரச் சுவர்களை. ராமகியன் எனப்படும் தாய்லாந்து ராமாயணம் முழுவதும் 178 ஓவியங்களாக அந்தச் சுவர்களில் ஓடுகிறது. தங்க ரேக்கு ஒட்டிய மாளிகைகள், வானரப் படை, பத்துத் தலை தோஸகான், அதாவது நம் ராவணன். அனுமன் வெள்ளை நிறத்தில் சுவருக்குச் சுவர் தாவுகிறார். கடலில் அணை கட்டும் இடத்தில், கற்களை இழுத்துப் போக வந்த மீன்மகளிடம் அனுமன் மனதைப் பறிகொடுக்கும் கதை இவர்களுடையது. அவள் தோஸகானின் மகள். நாம் சிறு வயதிலிருந்து கேட்ட அனுமனுக்கு இப்படி ஒரு கிளைக்கதை என்பது முதலில் திகைப்பாக இருக்கும், பிறகு ரசிக்கத் தோன்றும். கதை தெரிந்தவர்கள் என்பதால் பெயர்ப்பலகை இல்லாமலே நமக்குப் பாதி புரியும். பெரும்பாலான கூட்டம் நடுவில் உள்ள பொற்கூரைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பிராகாரம் நிழலாகவும் ஓரளவு காலியாகவும் இருக்கும். ஒரு மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள்.

வாட் அருணைப் பொறுத்தவரை, எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே பாதி இன்பம். தா தியென் துறையிலிருந்து சில பாட் கொடுத்தால் படகு அக்கரையில் விடும். உடைந்த பீங்கான் தட்டுகளையும் சிப்பிகளையும் பதித்துச் செய்த பூக்கள் கோபுரம் முழுக்க. படிகள் செங்குத்து, மூட்டுவலிக்காரர்கள் கீழேயே நின்று பார்க்கலாம். மாலையில் இக்கரைக்குத் திரும்பி, விளக்கேற்றிய கோபுரத்தைத் தா தியென் பக்கமிருந்து பார்ப்பதற்குக் காசு ஒன்றும் இல்லை. படகு விருந்துக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கப் போவதும் இதே காட்சியைத்தான். எண்ணெய் மிதக்கும் பஃபேயும் ஒலிபெருக்கிப் பாட்டும்தான் கூடுதல். அந்தப் பணத்தில் நல்ல மசாஜ் ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அரண்மனைக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும், ஆண்களுக்கும் அரைக்கால் சட்டை கூடாது. சனாம் சாயில் இறங்கினால் வாட் போ வாசல் பக்கம், அரண்மனையின் நுழைவாயில் வடக்கே நா பிரா லான் சாலையில் இருக்கிறது, மதில் ஓரமாகவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். படகில் தா சாங் துறையில் இறங்கினால் இதைவிடப் பக்கம். அதனால் போகும்போது படகு, திரும்பும்போது ரயில். வழியில் யாராவது நல்லவிதமாகப் பேசி, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில்களை மலிவாகச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று டுக்-டுக்கில் ஏற்றப் பார்த்தால் சிரித்துவிட்டு நடந்துவிடுங்கள். அந்தச் சவாரி ரத்தினக் கடையில்தான் போய் முடியும். அரண்மனையில் டிக்கெட் மாலை 3:30 வரை கொடுக்கிறார்கள்.

பழைய நகரத்தில் நேரம் மிஞ்சினால் ராட்சத ஊஞ்சல் பக்கம் போங்கள். உயரமான செந்நிறத் தேக்குத் தூண்கள் மட்டும் இப்போது நிற்கின்றன, ஊஞ்சலாடும் சடங்கு 1930களில் நின்றுபோனது. எதிரே தேவஸ்தான் என்ற சின்ன வெள்ளைக் கோயில். அரசவைப் பிராமணர்களின் கோயில் அது. அவர்கள் மார்கழி–தை சமயத்தில் நடத்தும் சடங்கு நம் திருவெம்பாவை, திருப்பாவை மரபிலிருந்து கடல் தாண்டிப் போனது. இதற்கென்று எந்தப் பாக்கேஜிலும் நிறுத்தமாட்டார்கள்.

ஊரை விட்டு வெளியே போகலாமா?

மூன்று நாளில் ஒரு நாளை வெளியூருக்குக் கொடுப்பதா என்பதுதான் அடுத்த பெரிய கேள்வி. நம் ஊர்ப் பாக்கேஜ்களில் இதற்குப் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்: பட்டாயா இரண்டு இரவு, பாங்காக் இரண்டு இரவு. பட்டாயா சுமார் 150 கிலோமீட்டர். போக வர, அறையைக் காலி செய்ய, மறுபடி அறை எடுக்க என்று கணக்குப் பார்த்தால் பாங்காக்குக்கு ஒன்றரை நாள்தான் மிஞ்சும். அதிலும் ரத்தின அங்காடியில் ஒரு நிறுத்தம் கட்டாயம் இருக்கும். கடலில் விளையாட வேண்டும் என்பவர்கள் பட்டாயாவுக்கே தனியாகப் போகலாம். பாங்காக்கைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்தச் சேர்க்கை வேண்டாம்.

மிதக்கும் சந்தைகளில் தாம்னோன் ஸாதுவாக் தினமும் காலையில் நடக்கிறது, ஆனால் இப்போது அது முழுக்கச் சுற்றுலாக்காரர்களுக்கான சந்தை. நினைவுப் பொருட்களும் பேரமும்தான். அம்பாவா வெள்ளி முதல் ஞாயிறு வரை மதியத்துக்கு மேல் நடக்கும், உள்ளூர்க் குடும்பங்கள் வரும், அதனால் உயிரோட்டம் உண்டு. தண்டவாளத்தின் மேலேயே கடை விரித்து, ரயில் வரும்போது பந்தலைச் சுருட்டும் மேக்லோங் சந்தை அதன் வழியில்தான். ரயில் நாளுக்குச் சில தடவைதான் வரும், நேரம் பார்த்துப் போகாவிட்டால் வெறும் காய்கறிச் சந்தை.

என் மனம் போவது அயுத்தயாவுக்கு. பாங்காக்குக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். நம் அயோத்தியின் பெயரைச் சூட்டி 14ஆம் நூற்றாண்டில் எழுந்த தலைநகரம். நானூறு வருடத்துக்கு மேல் ஆண்டு, 1767இல் பர்மியப் படையால் எரிக்கப்பட்டது. பாங்காக்கின் அரண்மனையும் கோயில்களும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இங்கே வந்தால் விளங்கும். இழந்த ஊரை மறுபடி எழுப்பும் ஆசைதான் பாங்காக். வாட் மகாதாத்தில் அரச மரத்தின் வேர்கள் அணைத்துக்கொண்ட புத்தர் தலை, ஆற்றோரம் வாட் சைவத்தனாராம், தலையில்லாமல் வரிசையாக அமர்ந்திருக்கும் புத்தர்கள். அந்த மரத்தடியில் படம் எடுப்பவர்கள் புத்தரின் தலைக்கு மேல் தங்கள் தலை உயராமல் குனிந்து உட்கார வேண்டும், காவலர் சொல்வார்.

போக வழி மூன்று. டூர் வேன் வாசலுக்கு வந்து அழைத்துப் போகும், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம் என்று விரட்டும். வடக்குப் பேருந்து நிலையம் உள்ள மோ சித் பக்கமிருந்து மினிவேன் வேகமாகப் போகும். ரயிலில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் இருபது பாட் அளவில்தான், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். ஏ.சி. இல்லை, ஜன்னல் திறந்திருக்கும், வயல்காற்று வரும். நமக்குப் பழக்கமான பயணம்தான். 2023 முதல் தொலைதூர ரயில்கள் பாங் ஸூவில் உள்ள குருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, சாதாரண ரயில்களில் சில இன்னும் பழைய ஹுவா லம்போங்கிலிருந்து. இரண்டு நிலையமும் எம்.ஆர்.டி. நீலப் பாதையிலேயே இருப்பதால் சிலோமிலிருந்து சிரமம் இல்லை. அயுத்தயாவில் இறங்கியதும் டுக்-டுக்கை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளலாம். இடிபாடுகளுக்கு நடுவே நிழல் கிடையாது. காலை ஏழு மணி ரயிலைப் பிடித்து மதியம் திரும்பிவிடுவது நல்லது.

மூன்று முழு நாள் இருந்தால் ஒரு நாளை அயுத்தயாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்துத்தான் மூன்று என்றால் வேண்டாம், ஊரிலேயே இருங்கள்.

கிழமை, காலம், சாப்பாடு

வியாழன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதா, வார நடுவிலா? பாங்காக்கின் பெரிய வாரக் கடைசிச் சந்தையான சதுசக் களைகட்டுவது சனி, ஞாயிறு. அம்பாவாவும் வாரக் கடைசிதான். தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள், செவ்வாய் விடுமுறை. அதனால் வாரக் கடைசி சேர்ந்த பயணமே நல்லது, அரண்மனையை மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் முடித்துவிட வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும், வாடகை ஏறும். ஏப்ரல் நம் சித்திரை வெயிலுக்குக் குறைந்ததில்லை. நம் புத்தாண்டை ஒட்டி 13 முதல் 15 வரை சோங்கிரான் என்ற தண்ணீர்த் திருவிழா, தெருவில் இறங்கினால் நனையாமல் திரும்ப முடியாது. கொண்டாட்டம் வேண்டும் என்றால் அப்போது போகலாம், கோயில்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் தவிர்க்கலாம். செப்டம்பர் மழைக்குப் பேர்போன மாதம். மழை பெரும்பாலும் மாலையில் கொட்டும், காலைகளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அறை மலிவாகக் கிடைக்கும் காலமும் அதுவே.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது மீன் சாஸ். காய்கறி மட்டும் போட்ட உணவிலும் அது இருக்கும், சிப்பி சாஸும் இருக்கும். "ஜே" என்று சொன்னால் முழுச் சைவம், பூண்டு வெங்காயம்கூட இல்லாமல். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைத் தேடுங்கள். அக்டோபரை ஒட்டி வரும் சைவத் திருவிழா நாட்களில் சைனாடவுன் முழுக்க இந்தக் கொடி பறக்கும், அப்போது நான் மேலே சொன்ன எச்சரிக்கை தேவையில்லை. சாம் யோட் நிலையத்துக்குப் பக்கத்தில் பாகுரத், பஞ்சாபிக் கடைகளும் பெரிய குருத்வாராவும் உள்ள பகுதி, சப்பாத்தியும் பருப்பும் அங்கே நிச்சயம். பழைய நகரத்தைப் பார்க்கும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு அதுவே வசதி.

கிளம்பும் முன்

சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேர விமானம், அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. மலிவு விமானங்கள் பெரும்பாலும் தோன் மூவாங்கில் இறங்கும், மற்றவை சுவர்ணபூமியில். டிக்கெட் விலையில் சிறிய வித்தியாசம்தான் என்றால் சுவர்ணபூமியை எடுங்கள், அங்கிருந்து நகரத்துக்குள் வரும் ரயில் 45 பாட்டுக்குள் முடிந்துவிடும். பெட்டிகள் அதிகம், நான்கு பேர் என்றால் மீட்டர் டாக்ஸியே சௌகரியம். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் விரைவுச்சாலைச் சுங்கமும் நாம் தர வேண்டும், அது ஏமாற்று இல்லை. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் எல்லா வெளிநாட்டவரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

சென்னையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானங்கள் விடியலில் போய் இறங்கும், அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துக்கொள்வார்கள். அன்று அரண்மனைக்குப் போகாதீர்கள், தூக்கமில்லாத உடம்புக்கு அந்த வெயில் ஆகாது. சாத்தோர்ன் துறைக்குப் போய் 16 பாட் கொடுத்து ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறி, பிரா ஆர்தித் வரை ஆற்றோடு போய்விட்டு, அதே படகு வழியில் திரும்பி வாருங்கள். மறுநாள் எந்தத் துறையில் இறங்க வேண்டும் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.